பாத்திரத்தில் பேர் இருக்கு... பையில் இருக்கா?

உங்கள் வீட்டு அடுக்களைக்குப் போய் ஒரு எவர்சில்வர் தூக்கையோ கிண்ணத்தையோ கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பிலோ அடியிலோ புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அம்மாவின் பெயர், தாத்தா பெயரின் முதலெழுத்து, சில பாத்திரங்களில் கல்யாணத் தேதி. பாத்திரக் கடையில் பில் போடும்போதே கடைக்காரர் கேட்டுவிடுவார்: “பேர் வெட்டணுமாம்மா?”

அது அழகுக்காக வெட்டிய பெயர் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் பாயசம் கொடுத்தனுப்பிய கிண்ணமும், காதுகுத்து வீட்டுக்கு இரவல் போன அண்டாவும் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்பதற்காக வெட்டியது. ஒரே மாதிரி இருபது தூக்குகள் கழுவி அடுக்கியிருக்கும் இடத்தில், “இது நம்ம மேலத்தெரு அக்காவோடது” என்று காட்டிக்கொடுப்பது அந்த நான்கு எழுத்துதான்.

இப்போது, காலையில் நீங்கள் தோளில் மாட்டிக்கொண்டு போன பையை நினைத்துப் பாருங்கள். லேப்டாப் இருக்கலாம். சான்றிதழ்கள், மருந்து, கண்ணாடி, வீட்டுச் சாவி எல்லாம் இருக்கலாம். அதில் எங்காவது உங்கள் பெயரோ ஒரு போன் நம்பரோ இருக்கிறதா? பெரும்பாலானவர்கள் பையில் இருக்காது. எண்பது ரூபாய்க் கிண்ணத்தில் பெயர் இருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப் இருக்கும் பையில் ஒரு எழுத்துகூட இல்லை!

எனக்கு நடந்தது

இதை எழுதும் நானும் அப்படித்தான் இருந்தேன். பிளஸ் டூ முடித்த வருடம், கல்லூரிச் சேர்க்கைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்காக அப்பாவுடன் வெளியூர் போனேன். மறுநாள் காலை பத்து மணிக்குச் சரிபார்ப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸை விட்டு இறங்கி, சித்தி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. நீல நிற ஃபைல் பஸ் சீட்டிலேயே தங்கிவிட்டது. மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாமே அசல்.

அப்பா பேருந்து நிலையத்துக்கு ஓடினார். வண்டி கிளம்பிவிட்டது. நேரக் காப்பாளர் அறையில் கேட்டார்கள்: “எந்த வண்டி சார்? நம்பர் தெரியுமா? டிக்கெட் இருக்கா?” டிக்கெட்டை நான் கசக்கி ஜன்னல் வழியே போட்டிருந்தேன்.

இரவு ஒன்பதரை மணிக்கு அப்பாவின் போன் அடித்தது. எங்கள் ஊர் போட்டோ ஸ்டூடியோ அண்ணன். “அண்ணே, பாப்பாவோட ஃபைல் பஸ்ல கெடச்சிருக்காம். எடுத்தவங்க நம்பர் தர்றேன், எழுதிக்கிறீங்களா?”

ஃபைலை எடுத்தவர், ஜவுளிக் கடையில் வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஓர் அக்கா. மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் நின்றோம். அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “பேரு இருக்கு, ஸ்கூலு இருக்கு, மார்க்கெல்லாம் இருக்கு. போன் நம்பர்தான் ஒரு எடத்துலயும் இல்ல பாப்பா. ஞாயித்துக்கெழம, ஸ்கூலும் பூட்டியிருக்கும். யார்கிட்டப் போய்க் கேக்குறது? கடைசியில போட்டோ கவர்ல ஸ்டூடியோ நம்பர் இருந்துச்சு, அதுக்கு அடிச்சேன்.”

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ போட்டுத் தரும் அந்தச் சின்னக் காகிதக் கவர். ஸ்டூடியோ அண்ணன் தன் கடை விளம்பரத்துக்காக அச்சடித்த நம்பர்தான் என் சான்றிதழ்களைக் காப்பாற்றியது. நான் எழுதி வைத்தது எதுவும் இல்லை.

அன்று புரிந்தது இதுதான். தொலைந்த பொருள் திரும்பி வராததற்கு எப்போதும் எடுத்தவரின் கெட்ட எண்ணமே காரணம் இல்லை. கொடுக்க மனசு இருக்கும். யாரிடம் கொடுப்பது என்று வழி தெரியாது. லேபிள் என்பது, திருப்பிக் கொடுக்க நினைப்பவருக்கு நாம் போட்டுக்கொடுக்கும் பாதை.

கண்டெடுத்தவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

“ரோட்டுல கெடந்ததைத் தொட்டா நம்ம மேலயே கேஸ் வருமோ?” என்ற பயம் பலருக்கும் உண்டு. இன்னொரு பக்கம், “கெடந்ததுதானே, எடுத்தவனுக்குத்தான் சொந்தம்” என்ற நினைப்பும் உண்டு. இரண்டுமே தவறு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 403-வது பிரிவாக இருந்தது. சுருக்கமாகச் சொன்னால்:

• உரியவரிடம் சேர்ப்பதற்காகவோ, பத்திரப்படுத்துவதற்காகவோ ஒரு பொருளை எடுப்பது குற்றம் இல்லை.

• உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும், அதைச் சொந்தமாக்கிக்கொள்வது குற்றம்.

• உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுக்காமல், அவர் வந்து கேட்பதற்குப் போதுமான காலம் வைத்திருக்காமல் எடுத்துக்கொள்வதும் குற்றம்.

தண்டனை, குறைந்தது ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும்.

சட்டமே இரண்டு எடுத்துக்காட்டுகளையும் தருகிறது. சாலையில் ஒரு ரூபாய் கிடக்கிறது, யாருடையது என்று தெரியாது, ஒருவர் எடுக்கிறார். அது இந்தக் குற்றம் ஆகாது. ஆனால், பணத்தாள் வைத்த ஒரு கடிதம் கிடைக்கிறது. மேலே இருக்கும் முகவரியையும் உள்ளே இருப்பதையும் பார்த்ததும் பணம் யாருடையது என்று தெரிகிறது. அதற்குப் பிறகும் அவர் பணத்தை எடுத்துக்கொண்டால் குற்றம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றில் முகவரி இல்லை, இன்னொன்றில் இருக்கிறது. அதாவது, நீங்கள் ஒட்டும் ஒரு சின்ன லேபிள், அந்தப் பொருளை ‘யாருடையதோ’ என்பதிலிருந்து ‘இவருடையது’ என்று மாற்றிவிடுகிறது. நல்லவருக்கு வழி கிடைக்கிறது. சபலப்படுபவருக்கு “எனக்குத் தெரியாது” என்று சொல்ல வாய்ப்பு இல்லாமல் போகிறது.

இன்னொரு பழைய சட்டமும் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71-வது பிரிவு. ஒருவர் நம்மை நம்பிக் கொடுத்துவைத்த பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வோமோ, கண்டெடுத்துக் கையில் வைத்திருக்கும் பொருளையும் அதே அக்கறையோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 168-வது பிரிவு உரிமையாளர்களுக்கான எச்சரிக்கை: “கண்டுபிடித்துத் தருபவருக்கு இவ்வளவு சன்மானம்” என்று நீங்கள் தொகையைச் சொல்லி அறிவித்துவிட்டால், அதைக் கேட்டு வழக்குப் போடும் உரிமை கண்டெடுத்தவருக்கு உண்டு. ஆக, பதற்றத்தில் பெரிய தொகையை அறிவித்துவிடாதீர்கள். அறிவித்தால் கொடுங்கள்!

என்ன எழுத வேண்டும்?

மூன்று விஷயம் போதும்.

1. பெயர். முழுப் பெயர் வேண்டாம். ‘ச. மீனா’ என்பது போல முதலெழுத்தும் பெயரும் போதும்.

2. போன் நம்பர். இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறோம். போன் வைத்திருக்கும் பைக்குள் அந்தப் போனின் நம்பரையே எழுதி வைத்தால் என்ன ஆகும்? கண்டெடுத்தவர் அழைப்பார், அவர் கையில் இருக்கும் பையிலேயே மணி அடிக்கும்! அதனால் வீட்டில் இருக்கும் இன்னொருவர் நம்பரை எழுதுங்கள். இடமிருந்தால் இரண்டு நம்பர் எழுதலாம்.

3. ஒரு வரி. ‘கிடைத்தால் தயவுசெய்து அழைக்கவும்’ என்று எழுதுங்கள். நம்பர் மட்டும் இருந்தால் அது கடையின் நம்பரா, பை தைத்த கம்பெனியின் நம்பரா என்று குழப்பம் வரும்.

முடிந்தால் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ரயிலில் வெளிமாநிலம் போகும் பெட்டிக்கு ஆங்கிலம் அவசியம். உள்ளூர் டவுன் பஸ்ஸில் போகும் பைக்குத் தமிழ் உதவும்.

சொந்த நம்பரை வெளியே தெரியும்படி எழுதத் தயக்கமாக இருக்கிறதா? நியாயமான தயக்கம்தான், குறிப்பாகப் பெண்களுக்கு. அலுவலக நம்பர், வீட்டுப் பெரியவர் நம்பர் அல்லது இதற்கென்றே வைத்திருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி போடலாம். லேபிளைப் பையின் உட்புறம், ஜிப்பைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் வைத்தாலும் போதும்.

என்ன எழுதக் கூடாது?

• சாவிக்கொத்தில் வீட்டு முகவரியோ வண்டி நம்பரோ எழுதவே கூடாது. அது தொலைந்த சாவியை வைத்திருப்பவருக்குப் பூட்டு எங்கே இருக்கிறது என்று நாமே சொல்வது போல. போன் நம்பர் மட்டும் போதும்.

• ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பிறந்த தேதி எதுவும் வேண்டாம்.

• பர்ஸில் ஏ.டி.எம். கார்டோடு பின் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு இருந்தால் இப்போதே கிழித்துப் போடுங்கள்.

• குழந்தையின் பெயரைப் பள்ளிப் பையின் வெளிப்பக்கம் பெரிதாக எழுத வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும். உள்பக்கம் எழுதுங்கள்.

எதில், எங்கே, எப்படி?

ஒரு பெர்மனென்ட் மார்க்கர், பள்ளி நோட்டுக்கு ஒட்டும் நேம் ஸ்லிப், அகலமான செலோ டேப். இவை மூன்றும் இருந்தால் போதும். நேம் ஸ்லிப்பில் எழுதி ஒட்டி, மேலே டேப் ஒட்டினால் தண்ணீர் பட்டாலும் எழுத்து கலையாது.

*சான்றிதழ் ஃபைல்:* முதல் கவரில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, பெயரும் இரண்டு நம்பர்களும் பெரிய எழுத்தில். சான்றிதழின் மீது எதுவும் எழுதவோ ஒட்டவோ வேண்டாம். அசல் தேவைப்படும் நாளில் மட்டும் அசலை எடுத்துப் போங்கள்.

*லேப்டாப், சார்ஜர், பவர் பேங்க்:* அடிப்பகுதியில் ஸ்டிக்கர். சார்ஜர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அலுவலகத்திலும் ஹாஸ்டலிலும் மாறிப்போவது அதிகம். காற்றுப் போகும் துளைகளை மூடாமல் ஒட்டுங்கள்.

*பயணப் பெட்டி:* வெளியே ஒரு டேக், உள்ளே ஒரு தாள். வெளி டேக் வழியில் அறுந்து போகலாம். உள்ளே இருப்பது போகாது.

*ஹெல்மெட்:* தாடைப் பட்டையில் மார்க்கரால் எழுதலாம்.

*குழந்தைகளின் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ்:* எவர்சில்வர் என்றால் பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். மூடிக்கும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். தொலைவது மூடிதான்!

*பெரியவர்களின் மருந்துப் பை, கண்ணாடிக் கூடு, காது கேட்கும் கருவியின் டப்பா:* இவற்றுக்குத்தான் முதலில் லேபிள் வேண்டும். மற்றவர்களுக்கு இது விற்கக்கூட உதவாத பொருள்; உரியவருக்கோ இது இல்லாமல் அன்றைய பொழுதே ஓடாது. ‘இது மருந்து, அவசரம், அழைக்கவும்’ என்று எழுதி வையுங்கள். காது கேட்காதவர் நம்பரை எழுதாமல், மகன் அல்லது மகள் நம்பரை எழுதுங்கள்.

*சீருடை, ஹாஸ்டல் துணி:* காலர் உள்பக்கம் நூலால் இரண்டு எழுத்து தைக்கலாம். இது புதிய யோசனை இல்லை. சலவைத் தொழிலாளர்கள் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி போட்டு, ஊர்த் துணியையெல்லாம் ஒன்றாக வெளுத்தும் மாறாமல் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது சேராங்கொட்டையின் சாறு. துணியில் ஏறிவிட்டால் தண்ணீரில் போகாது. (அந்தச் சாறு தோலைப் புண்ணாக்கும். நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம், மார்க்கர் போதும்!)

கடைகளில் இப்போது க்யூ.ஆர். ஸ்டிக்கர்களும், புளூடூத் டேக்குகளும் கிடைக்கின்றன. புளூடூத் டேக் பை எங்கே இருக்கிறது என்று உங்கள் போனில் காட்ட உதவும். வசதி இருந்தால் வாங்கிப் போடலாம். ஆனால் எழுதிய நம்பருக்கு அது மாற்று இல்லை. டேக்கின் பேட்டரி தீரும், க்யூ.ஆரை ஸ்கேன் செய்ய ஸ்மார்ட்போனும் நெட்டும் வேண்டும். பத்து இலக்கங்களை எழுதி வைத்தால், பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவரும் உடனே அழைத்துவிடுவார்.

போனுக்கும் பெயர் எழுதலாம்

போன் தொலைந்தால் கண்டெடுத்தவர் பார்ப்பது பூட்டிய திரையைத்தான். அந்தத் திரையிலேயே ஒரு வரி எழுதி வைக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போய், மேலே இருக்கும் தேடல் பெட்டியில் ‘லாக் ஸ்கிரீன்’ என்று தேடுங்கள். திரையில் எழுத்தைச் சேர்க்கும் வசதி வரும். ‘கிடைத்தால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று வீட்டில் இருப்பவர் நம்பரைப் போடுங்கள். போனுக்குப் போன் மெனு கொஞ்சம் மாறும். ஐபோன் என்றால், பூட்டுத் திரைக்கு வைக்கும் படத்திலேயே நம்பரை எழுதிவிடலாம்.

அடுத்து, *#06# என்று டயல் செய்யுங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும். அதைப் போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் பயனில்லை; போனோடு அதுவும் போய்விடும். வீட்டு டைரியில் எழுதி வையுங்கள். இதுதான் உங்கள் போனுக்குக் கம்பெனி வெட்டிக்கொடுத்த பெயர்.

போன் தொலைந்துவிட்டால் இந்த எண் எப்படி உதவும்? மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் சி.இ.ஐ.ஆர். என்ற வசதி இருக்கிறது. 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் செயல்படுகிறது. அதற்கான படிகள்:

1. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

2. உங்கள் சிம் நிறுவனத்திடம் அதே நம்பருக்கு மாற்று சிம் வாங்குங்கள். பழைய சிம் அப்போதே செயலிழக்கும்.

3. சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண், புகார் நகல், அடையாள ஆவணம் கொடுத்து, போனை முடக்கக் கோரிக்கை வையுங்கள். ஓ.டி.பி. வரும். புதிய சிம்மில் எஸ்.எம்.எஸ். வர 24 மணி நேரம் வரை ஆகலாம், பதற வேண்டாம்.

முடக்கிய போன் இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம் போட்டாலும் வேலை செய்யாது. யாராவது பயன்படுத்த முயன்றால் அந்தத் தகவல் காவல் துறைக்குக் கிடைக்கும். போன் திரும்பக் கிடைத்ததும் அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம். போன் தொலைந்தவுடன் வங்கிக்கும் தகவல் சொல்லி, யு.பி.ஐ. சேவையை நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

பொருள் தொலைந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

*பஸ்ஸில்:* டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்! எந்த வண்டி என்று அடையாளம் காண அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று. பேருந்து நிலைய நேரக் காப்பாளரிடமோ, அந்த வண்டியின் பணிமனையிலோ டிக்கெட்டைக் காட்டி விசாரியுங்கள். ஏறும்போதே வண்டி நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

*ரயிலில்:* 139-க்கு அழைக்கலாம், அல்லது ‘ரயில் மதத்’ செயலியில் பதியலாம். ரயில் எண், பெட்டி, இருக்கை எண், பி.என்.ஆர். சொல்லுங்கள். பயணிகள் விட்டுச்செல்லும் உடைமைகளை மீட்டு ஒப்படைப்பதை ரயில்வே பாதுகாப்புப் படை ‘ஆபரேஷன் அமானத்’ என்ற பெயரில் ஒரு தனிப் பணியாகவே செய்கிறது. பெட்டியில் பெயரும் நம்பரும் இருந்தால் அவர்கள் வேலையும் எளிது.

*ஆவணங்கள்:* பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ் போன்றவை தொலைந்தால், தமிழ்நாடு காவல் துறையின் இணையவழிக் குடிமக்கள் சேவையில் ‘தொலைந்த ஆவண அறிக்கை’ பதிவு செய்யலாம். வீட்டிலிருந்தே போனில் செய்யலாம். நகல் ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது இந்த அறிக்கை தேவைப்படும். இது தவறவிட்ட ஆவணங்களுக்கு மட்டும். திருடு போயிருந்தால் காவல் நிலையத்தில் புகார்தான் கொடுக்க வேண்டும்.

டிஜிலாக்கரில் ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. போன்றவற்றை முன்கூட்டியே சேர்த்து வைத்தால், அசலைத் தினமும் பர்ஸில் சுமக்க வேண்டியதில்லை. சுமக்காத பொருள் தொலையாது, இல்லையா?

ஒரு எச்சரிக்கை: “உங்க பை எங்ககிட்ட இருக்கு, கூரியர் செலவுக்கு முதல்ல பணம் அனுப்புங்க” என்று யாராவது அழைத்தால் நிதானியுங்கள். பையின் போட்டோ கேளுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். “உங்கள் தொலைந்த போன் கிடைத்துவிட்டது” என்று லிங்க்கோடு வரும் மெசேஜில் பாஸ்வேர்டு போடவே வேண்டாம். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் கண்டெடுத்தால்?

• ஆள் இல்லாமல் கிடக்கும் பை சந்தேகத்துக்கு இடமாக இருந்தால் தொடவே வேண்டாம். 112-க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

• லேபிளில் நம்பர் இருந்தால் அழையுங்கள். பேசுபவரிடம், “பையில் என்ன இருக்கு? என்ன கலர்?” என்று அவரைச் சொல்லவிடுங்கள். நீங்களே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் யார் வேண்டுமானாலும் “ஆமா, அதுதான்” என்பார்கள்.

• கடை, பேருந்து நிலையம், காவல் நிலையம் போன்ற ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் ஒப்படையுங்கள்.

• நம்பர் இல்லையென்றால் பஸ்ஸில் நடத்துநரிடம், ரயில் நிலையத்தில் ரயில்வே போலீஸிடம், வெளியிடத்தில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் கொடுக்கலாம். கொடுத்ததற்கு ஒரு ஒப்புகை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

• ஆதார் அட்டையையோ சான்றிதழையோ அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். உதவி செய்யும் எண்ணத்தில் போடுவதுதான். ஆனால் அந்த விவரம் ஆயிரம் கைகளுக்குப் போய்விடும். ‘இன்ன பெயரில் ஒரு ஃபைல் இந்த பஸ்ஸில் கிடைத்தது’ என்று மட்டும் போடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை

லேபிள் ஒட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. நம்பர் மாறினால் லேபிளும் மாற வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பர் வேறு ஒருவருக்குப் போயிருக்கலாம். அப்படிப் போய்விட்டால், நல்ல மனசோடு அழைப்பவருக்கு “ராங் நம்பர்” என்றுதான் பதில் கிடைக்கும். பள்ளி திறக்கும் ஜூன் மாதம், நோட்டுக்கு அட்டை போடும் நாளில் வீட்டில் எல்லோருடைய பைகளையும் ஒரு முறை சரிபார்த்துவிடலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சான்றிதழ் ஃபைல், பெரியவர்களின் மருந்துப் பை, உங்கள் போன், வீட்டுச் சாவி. இந்த நான்கில் மட்டுமாவது தொடங்குங்கள்.

என் நீல ஃபைல் இன்றும் என்னிடம் இருக்கிறது. முதல் கவரில் என் பெயரும், அப்பா நம்பரும், தம்பி நம்பரும் பெரிய எழுத்தில் எழுதிய தாள் இருக்கிறது. அதற்குப் பின்னால் அந்தப் பழைய போட்டோ கவரும் பத்திரமாக இருக்கிறது.